நகலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

டோலி என்ற செம்மறிக் குட்டியைப் பற்றிய செய்தி 1997 பிப்ரவரியில் வெளியானபோது எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அடுத்தது மனிதனா? ஆட்சியாளர்களும் மதத் தலைவர்களும் தலையங்கம் எழுதுபவர்களும் அதையே சுற்றி வந்தார்கள். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. மனிதக் குளோன் பிறந்ததற்கு நம்பத்தகுந்த சான்று இன்றுவரை இல்லை. 2002 டிசம்பரில் குளோனெய்டு என்ற நிறுவனம் அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டதாக அறிவித்தது. அதற்கு எந்த மரபணுச் சான்றும் வெளிவரவில்லை. ஆனால் அந்த ஒற்றைக் கேள்வி கிளப்பிய புழுதிக்கு நடுவே எலி, பசு, பூனை, குதிரை, நாய், எருமை, குரங்கு என்று குளோன்கள் வரிசையாகப் பிறந்துகொண்டே இருந்தன. அவை எதற்காகப் பிறந்தன, அதற்காக எத்தனை உயிர்கள் பாடுபட்டன என்று பொதுவெளியில் யாரும் நிதானமாக எடைபோடவில்லை.

குளோனிங் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான விடை கிடைக்காது. உயிரணு எப்படி வேலை செய்கிறது என்று அறிவதற்காகச் செய்யும் குளோனிங் வேறு. இறந்துபோன நாயைப் போலவே இன்னொரு நாய் வேண்டும் என்பதற்காகச் செய்யும் குளோனிங் வேறு. ஆகவே ஒவ்வொரு பயன்பாட்டையும் இரண்டு கேள்விகளில் உரசிப் பார்க்கிறேன். இதே பயனை இதைவிட எளிய, வலி குறைந்த வழியில் பெற முடியாதா? வழியில் நேரும் தோல்விகள் யார் உடம்பில் விழுகின்றன? முதல் கேள்வியையாவது சிலர் கேட்கிறார்கள். பிறந்த கன்றின் புகைப்படத்தோடு முடிந்துவிடும் செய்திகளில் இரண்டாவதற்கு இடமே இருப்பதில்லை.

டோலியின் கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் இயன் வில்மட், கீத் கேம்பெல் குழுவினர் ஆறு வயது ஃபின் டார்செட் ஆட்டின் மடியிலிருந்து உயிரணுக்களை எடுத்தார்கள். ஊட்டச்சத்தைக் குறைத்து அவற்றைச் சில நாள் பட்டினி போட்டு, பெருக்கத்தை நிறுத்தி உறங்கவைத்தார்கள். கேம்பெல்லின் முக்கியமான யோசனை இதுதான். கறுப்பு முகம் கொண்ட வேறோர் இன ஆட்டின் சினைமுட்டையிலிருந்து உட்கருவை நுண்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மடி உயிரணுவை வைத்து, மின்துடிப்பு கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இப்படி உருவாக்கியவை 277. அவற்றில் மாற்றிவைக்கும் அளவுக்கு வளர்ந்த கருக்கள் 29. அவற்றைச் சுமந்த ஆடுகள் 13. 1996 ஜூலை 5 அன்று உயிரோடு பிறந்தது ஒரே ஒரு குட்டி.

அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. ஜான் கர்டன் தவளைகளில் இதற்கு வழிகாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தாலும், முதிர்ந்த பாலூட்டியின் உயிரணு திரும்பவும் தொடக்கநிலைக்குப் போக முடியாது என்றே பெரும்பாலான உயிரியலாளர்கள் நம்பியிருந்தார்கள். தோல் உயிரணு தோலாகவே இருக்கும், மடி உயிரணு மடியாகவே முடியும் என்பது அன்றைய எண்ணம். டோலி அதைப் பொய்யாக்கினாள். உயிரணு எந்தத் தொழிலில் அமர்ந்தாலும் முழு உடலையும் கட்டுவதற்கான குறிப்பு அதற்குள் அழியாமல் இருக்கிறது. தகுந்த சூழல் அமைந்தால் அதை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்க முடியும். இந்த அறிவு கையில் இருந்ததால்தான், முட்டையே இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று ஜப்பானின் ஷின்யா யமனாக்கா தேடத் துணிந்தார். நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் சாதாரண உயிரணுவை, எந்த வகை உயிரணுவாகவும் மாறக்கூடிய குருத்தணு நிலைக்குக் கொண்டுபோனதாக 2006-இல் அறிவித்தார். அடுத்த ஆண்டு மனித உயிரணுவிலும் அது கைகூடியது. 2012-இன் மருத்துவ நோபல் பரிசை கர்டனும் யமனாக்காவும் பகிர்ந்துகொண்டார்கள். அறிவுக்கான குளோனிங் என்ற கணக்கில் என் தீர்ப்பு தயக்கமில்லாதது: செலவு நியாயமானது, வரவு மிகப் பெரியது.

இனி குற்றச்சாட்டுகள். அவற்றில் வலுவில்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வலுவானவையும் சேர்ந்து நீர்த்துப்போகும். குளோன்கள் பிறக்கும்போதே கிழடாகப் பிறக்கின்றன என்ற பேச்சு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. டோலியின் குரோமோசோம் முனைகள் வயதுக்கு மீறிக் குட்டையாக இருந்ததாக 1999-இல் கண்டார்கள். ஆறரை வயதில், 2003 பிப்ரவரி 14 அன்று, அவளைக் கருணைக்கொலை செய்ய வேண்டிவந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுந்த பேச்சு அது. அவளுக்கு இருந்ததோ செம்மறிகளைத் தாக்கும் ஒரு வைரஸால் வரும் நுரையீரல் கட்டி. அதே உயிரணு வரிசையிலிருந்து பிறந்த நான்கு ஆடுகள் உட்பட 13 குளோன் ஆடுகளை நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கெவின் சின்க்ளேர் குழு சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டது. ஏழு முதல் ஒன்பது வயதான அந்த ஆடுகள் பொதுவாக நலமாகவே இருந்தன. உணவு அச்சமும் இப்படித்தான். குளோன் செய்த பசு, பன்றி, வெள்ளாடுகளின் பாலும் இறைச்சியும் மற்றவற்றைப் போலவே பாதுகாப்பானவை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் முடிவு சொன்னது. அதை மறுக்கத்தக்க சான்று வரவில்லை.

தப்பிப் பிழைத்த குளோன் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறது. தப்பிப் பிழைக்காதவற்றில்தான் உண்மையான குற்றச்சாட்டு இருக்கிறது.

ஓர் உயிரணு தன் தொழிலுக்கு வேண்டாத மரபணுக்களை வேதிக் குறிகள் ஒட்டி மூடிவைத்திருக்கிறது. விந்தும் முட்டையும் உருவாகும்போது இயற்கை அந்தக் குறிகளைப் பொறுமையாக அழித்து மாற்றி எழுதுகிறது. குளோனிங்கில் அந்த வேலை முழுவதையும் உட்கரு இழந்த ஒரு முட்டை சில மணி நேரத்தில் செய்தாக வேண்டும். பெரும்பாலும் அது அரைகுறையாகவே நடக்கிறது. மூடியிருக்க வேண்டியது திறக்கிறது, திறக்க வேண்டியது மூடியே கிடக்கிறது. இதன் முதல் அடி நச்சுக்கொடியில் விழுகிறது. கரு கலைகிறது, அல்லது கன்று அளவுக்கு மீறிப் பெருத்து இயல்பான பிரசவத்துக்கு வழியில்லாமல் தாயின் வயிற்றைக் கிழிக்க வேண்டிவருகிறது. பிறந்த பிறகும் மூச்சுத் திணறல், இதயக் கோளாறு, தொற்று என்று முதல் வாரங்களிலேயே பல இறந்துவிடுகின்றன. பால், இறைச்சி பற்றிய அதே விவாதத்தில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் கவலை தெரிவித்தது விலங்கின் நலனைப் பற்றித்தான். சரியான இடத்தில் விரலை வைத்தார்கள் என்றே சொல்வேன்.

இந்த விலையோடு ஒப்பிடும்போது செல்லப்பிராணி குளோனிங் எனக்குத் தாங்க முடியாததாகத் தோன்றுகிறது. தென்கொரியாவில் 2005-இல் பிறந்த ஸ்னப்பி, உலகின் முதல் குளோன் நாய். அதற்காக 1,095 கருக்களை 123 பெண் நாய்களின் உடலில் வைத்தார்கள். மூன்று சினைப்பட்டன, பிறந்தவை இரண்டு, அவற்றில் ஒன்று நிமோனியாவில் 22 நாளில் இறந்தது. முறை அதன்பின் மேம்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். இன்று அமெரிக்க நிறுவனமொன்று ஏறத்தாழ 50,000 டாலருக்கு இதைச் சேவையாகவே விற்கிறது. ஆனால் வாங்குபவர் உண்மையில் வாங்குவது என்ன?

டெக்சாஸில் 2001 டிசம்பரில் பிறந்த முதல் குளோன் பூனை சிசி இதற்கு விடை தந்துவிட்டது. மூலப் பூனையான ரெயின்போவின் உடலில் வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறங்கள். சிசியின் உடலில் செம்மஞ்சள் ஒரு திட்டுகூட இல்லை. பெண் பூனையின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று மூடப்பட்டிருக்கும். எந்த உயிரணுவில் எது மூடப்படும் என்பது கருவிலேயே தற்செயலாக முடிவாகிறது, அதனால்தான் உடம்பில் நிறத் திட்டுகள் உண்டாகின்றன. சிசிக்கு மூலமாக எடுத்த ஒற்றை உயிரணுவில் செம்மஞ்சளுக்கான குரோமோசோம் மூடிக் கிடந்தது. அந்த மூடல் சிசியின் உடல் முழுவதற்கும் நீடித்தது. ஒரே மரபணுத் தொகுதி, இரண்டு வேறு பூனைகள். மேல்தோலின் நிறமே ஒத்துவராதபோது குணமும் பழக்கமும் பாசமும் எப்படி ஒத்துவரும்? சிசி 2020 வரை நன்றாக வாழ்ந்தாள், அவளிடம் ஒரு குறையும் இல்லை. குறை அவளை நகல் என்று நம்புவதில் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவரிடம் கிடைக்காத பொருளுக்கு விலை சொல்வது அறமல்ல. அதற்காக முகம் தெரியாத பெண் நாய்கள் கத்திக்கு உள்ளாவது இன்னும் மோசம். என் இரண்டு கேள்விகளிலும் இந்தப் பயன்பாடு தோற்கிறது. இதைத் தடை செய்ய வேண்டும்.

நம் நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது பால் எருமை. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் சம்ரூபா என்ற எருமைக் கன்றைக் குளோனிங் முறையில் பிறக்கச் செய்தது. அது சில நாளில் இறந்தது. அதே ஆண்டு ஜூனில் பிறந்த கரிமா ஏறக்குறைய இரண்டு ஆண்டு வாழ்ந்தது. 2010-இல் பிறந்த இரண்டாம் கரிமா வளர்ந்து, சினை ஊசி மூலம் சினைப்பட்டு, 2013 ஜனவரியில் மகிமா என்ற கன்றை ஈன்றது. 2023 மார்ச்சில் கங்கா என்ற கிர் கன்று பிறந்தது: சினைமுட்டை சாஹிவால் பசுவுடையது, உடல் உயிரணு கிர் பசுவுடையது, சுமந்தது ஒரு கலப்பினப் பசு.

கர்னால் விஞ்ஞானிகளின் கைத்திறனை மதிக்காமல் இருக்க முடியாது. ராஸ்லினில் பயன்பட்ட விலையுயர்ந்த நுண்கருவிகளை அவர்கள் நம்பியிருக்கவில்லை. இறைச்சிக்கூடத்திலிருந்து எருமைச் சினைப்பைகளை உப்புக்கரைசலில் போட்டுக் கொண்டுவந்து, முட்டைகளை உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் முதிரவைப்பார்கள். நொதியால் முட்டையின் மேலுறையைக் கரைத்துவிட்டு, நுண்ணோக்கியின் கீழ் நுண்ணிய அலகைக் கையிலேயே பிடித்து முட்டையை வெட்டி, உட்கரு இருக்கும் பகுதியை நீக்குவார்கள். உட்கரு இல்லாத இரண்டு பாதிகளுக்கு இடையே கொடை உயிரணு ஒன்றை ஒட்டவைத்து மின்துடிப்பால் இணைப்பார்கள். கண்ணும் விரலும் பழகினால் போதும் என்ற நிலைக்கு இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது சாதனைதான்.

சாதனை என்பதாலேயே அது பால்வளக் கொள்கை ஆகிவிடாது. இந்தத் திட்டத்துக்குச் சொல்லப்படும் காரணம், தேர்ந்த பொலி காளைகளும் கடாக்களும் நாட்டில் போதவில்லை, சிறந்தவற்றைப் பெருக்கினால் சினை ஊசிக்கு நல்ல உறைவிந்து கிடைக்கும் என்பது. முதல் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். ஒரு நல்ல கடா உயிரோடு இருக்கும்வரை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான ஊசிகளுக்கு உறைவிந்து தரும். அது செத்த பிறகும் சேமித்தது பல ஆண்டு பயன்படும். சிறந்த பசுவின் முட்டைகளை எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கி மற்ற பசுக்களில் வைக்கும் முறை இருக்கிறது. பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும்படி பிரித்த விந்து இருக்கிறது. கன்றாக இருக்கும்போதே மரபணுவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் வந்துவிட்டது. இவை எல்லாமே அடுத்த தலைமுறையை முந்தையதைவிட மேலாக்கும் வழிகள். குளோனோ நேற்றைய சிறந்த விலங்கை நாளைக்கும் கொண்டுபோகிறது, அதைத் தாண்டி ஓரடியும் போவதில்லை. விந்து சேமிக்காமல் இறந்துபோன அபூர்வமான ஒரு கடாவை மீட்பது என்ற குறுகிய தேவைக்கு வேண்டுமானால் இது பொருந்தும்.

ஒரே விலங்கின் வாரிசுகளால் தொழுவத்தை நிரப்புவது எதில் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஹோல்ஸ்டீன் பசுக்கள் சான்று. அங்கே குளோனிங்கே தேவைப்படவில்லை, சினை ஊசியே அந்த வேலையைச் செய்தது. பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற 1960-களின் காளைக்குப் பால் தரும் வாரிசுகள் அத்தனை சிறப்பாக அமைந்ததால் அதன் விந்து உலகெங்கும் போனது. அதன் ஒரு மரபணுவில் கொடிய பிழை ஒன்று ஒளிந்திருந்தது. தாய்வழியிலும் தந்தைவழியிலும் அந்தப் பிழை சேர்ந்துவந்த கருக்கள் வயிற்றிலேயே கலைந்தன. உலக அளவில் ஏறத்தாழ 5 லட்சம் கருச்சிதைவுகள் அந்த ஒரு காளையின் பிழையால் நேர்ந்ததாகப் பின்னாளில் மதிப்பிட்டார்கள். காரணம் தெரியவரப் பல தலைமுறைகள் ஆயின. முர்ரா எருமையையோ கிர் பசுவையோ ஒரு சில விலங்குகளின் நகல்களாகச் சுருக்கினால் இதே ஆபத்தைப் பல மடங்கு வேகத்தில் வரவழைத்துக்கொள்வோம். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஒரு கருச்சிதைவு என்பது பெரும் வருமான இழப்பு. பால் பெருக்கத்துக்காகக் குளோனிங் தேவையில்லை என்பதே என் முடிவு.

அழியும் உயிரினங்களில்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது, அதுவும் எல்லா இடத்திலும் அல்ல. பைரனீஸ் மலைகளின் காட்டாடு இனத்தில் கடைசியாக எஞ்சியிருந்த செலியா 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது. முன்பே எடுத்து உறையவைத்திருந்த அதன் உயிரணுவிலிருந்து 2003-இல் ஒரு குட்டி பிறந்தது. நுரையீரல் கோளாறால் சில நிமிடத்தில் மூச்சு நின்றது. அது பிழைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? இணைசேர ஓர் ஆணை உருவாக்கச் சேமித்த ஆண் உயிரணு எதுவும் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் திரியும் காட்டுமாட்டையும் இப்படி முயன்றார்கள். அமெரிக்காவில் 2001 ஜனவரியில் சாதாரணப் பசுவின் வயிற்றில் பிறந்த நோவா என்ற கன்று இரண்டே நாளில் வயிற்றுப்போக்கால் இறந்தது. 2025-இல் ஒரு நிறுவனம் அழிந்துபோன டயர் ஓநாயை மீட்டுவிட்டதாக அறிவித்தது. உண்மையில் அவை 14 மரபணுக்களில் 20 மாற்றங்கள் செய்து குளோனிங் முறையில் பிறப்பித்த சாம்பல் ஓநாய்கள்.

கருங்கால் ஃபெரெட் கதை வேறு. கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட இந்த வட அமெரிக்க விலங்கு அழிந்தே போய்விட்டதாக நினைத்திருந்தார்கள். 1981-இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரெட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தது. தேடிப்போனபோது ஒரு சிறு கூட்டம் மிஞ்சியிருப்பது தெரிந்தது. கடைசியில் பிடித்து வளர்த்தவை 18. வாரிசு தந்தவை ஏழு. குளோன்கள் வரும்வரை இருந்த எல்லாக் கருங்கால் ஃபெரெட்டுகளும் அந்த ஏழின் வழிவந்தவை. அந்த ஏழில் சேராத வில்லா என்ற பெண் விலங்கின் உயிரணு 1980-களிலேயே சான் டியாகோவின் உறைவு வங்கிக்குப் போயிருந்தது. அதிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் பிறந்தாள். கருப்பைக் கோளாறால் அவளால் குட்டி ஈன முடியவில்லை. அதே உயிரணுவிலிருந்து 2023-இல் பிறந்த அன்டோனியா 2024-இல் ஈன்ற குட்டிகளில் இரண்டு பிழைத்தன. எட்டாவது முன்னோரின் மரபு, முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின் இனத்துக்குள் திரும்பியது. சினை ஊசியாலும் இனக்கலப்பாலும் இதைச் சாதித்திருக்க முடியாது. பால் எருமைக் குளோனிங் மரபுவளத்தைக் குறுக்குகிறது. ஃபெரெட் குளோனிங் அதை விரித்தது. சுமந்த வளர்ப்பு ஃபெரெட்டுகளுக்கு வலி இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் வேறு வழி இல்லாத, ஈடுசெய்ய முடியாத பயன் இருந்தது.

மனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. நமக்கு நெருங்கிய விலங்கில் என்ன நடந்தது என்பதைச் சீன அறிவியல் கழகத்தின் ஷாங்காய் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டார்கள். பிறவாக் குரங்குக் கருவின் உயிரணுவைக் கொண்டு இரண்டு குட்டிகள் நலமாகப் பிறந்தன. முதிர்ந்த குரங்கின் உயிரணுவைக் கொண்டு 181 கருக்களை 42 குரங்குகளில் வைத்தார்கள், 22 சினைப்பட்டன, பிறந்த இரண்டும் விரைவிலேயே இறந்தன. இந்தக் கணக்கைப் பெண்களின் உடலில் போட்டுப் பார்க்க நினைப்பவனை விஞ்ஞானி என்று அழைக்கக் கூடாது.

மருத்துவத்துக்காக மனிதக் கருவை மட்டும் குளோன் செய்து குருத்தணு எடுப்பது என்ற யோசனை நல்லெண்ணத்தில் பிறந்தது. 2005-இல் மனிதக் குளோனிங்கை முழுக்கத் தடுக்கக் கோரிய ஐ.நா. பிரகடனத்துக்கு ஆதரவாக 84 நாடுகளும் எதிராக 34 நாடுகளும் வாக்களித்தன. ஆராய்ச்சியும் சேர்ந்து முடங்கிவிடும் என்பதால் இந்தியா எதிர்த்தவர் பக்கம் நின்றது. ஆனால் அந்த ஆராய்ச்சிக்குப் பெண்களின் கருமுட்டை வேண்டும். ஸ்னப்பியை உருவாக்கிய ஹ்வாங் வூ சுக், குளோன் செய்த மனிதக் கருவிலிருந்து குருத்தணு எடுத்துவிட்டதாக 2004, 2005-இல் எழுதிய கட்டுரைகள் மோசடி என்று தெரிந்து விலக்கப்பட்டன. அதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை எடுத்திருந்தார்கள். கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வகத்தில் அவருக்குக் கீழ் வேலை பார்த்த பெண்களும் இருந்தார்கள். முட்டைக்குச் சந்தை உருவானால் யார் உடம்பு விலைபோகும் என்பதற்கு நாம் கொரியா வரை போக வேண்டியதில்லை. 2022-இல் ஈரோட்டில் ஒரு சிறுமியின் கருமுட்டைகளைத் திரும்பத் திரும்ப எடுத்து விற்ற வழக்கை நாம் படித்தோம். அது குழந்தைப்பேறு மருத்துவத்தில் நடந்தது. குளோனிங் ஆராய்ச்சிக்கும் அதே முட்டைகள்தாம் வேண்டும். யமனாக்காவின் வழியில் யாருடைய முட்டையும் தேவையில்லை. அந்த வழியில் செய்த விழித்திரை உயிரணுக்களை 2014-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தே விட்டார்கள். ஆக, மனிதக் குழந்தையைக் குளோன் செய்வதற்கு முழுத் தடை. ஆய்வகக் கருவுக்கோ மிக அரிதான, வேறெப்படியும் விடை கிடைக்காத கேள்விகளுக்கு மட்டும் அனுமதி. இந்தியாவில் 2017-இன் தேசியக் குருத்தணு ஆராய்ச்சி நெறிமுறைகள் முதலாவதை விலக்குகின்றன. அது நெறிமுறையாக நின்றுவிடாமல், தண்டனையோடு கூடிய தனிச் சட்டமாக வர வேண்டும்.

அரசு இந்தத் துறையில் பணம் செலவிட வேண்டுமா? வேண்டும், ஆனால் அடுத்த குளோன் கன்றுக்காக அல்ல, உறைவு வங்கிகளுக்காக. வில்லாவைக் காப்பாற்றியது 2020-இன் நுண்ணோக்கி மட்டுமல்ல. விலங்கு உயிரோடு இருந்த காலத்தில் தோலின் சிறு துண்டைப் பத்திரப்படுத்திய ஒருவரின் முன்யோசனையும்தான். ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சிவிங்கிப்புலியைக் குளோன் செய்ய எண்ணியபோது உயிரணு கேட்டு இரானிடம் கையேந்த வேண்டியிருந்தது, இரான் மறுத்துவிட்டது. கர்னாலிலேயே உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் நாட்டு இனங்களின் விந்தையும் உயிரணுவையும் சேமித்துவருகிறது. அந்த வேலையைப் பல மடங்காக்க வேண்டும். நீலகிரியின் தோடா எருமை, பர்கூர் மலை மாடு, காங்கேயம், வரையாடு ஆகிய ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு அல்ல, ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கான விலங்குகளின் உயிரணுக்கள் சேர வேண்டும். அதற்கு எந்த விலங்கின் வயிற்றையும் கிழிக்க வேண்டாம். காதோரத் தோலில் ஒரு சிறு துண்டும், நின்றுபோகாத மின்சாரமும், திரவ நைட்ரஜனும் போதும். தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையும் வனத்துறையும் இந்த இனங்கள் மேய்ந்துகொண்டிருக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும்.